“பேசி முடிச்சாச்சு”: சமய விடுதிகளும் மலையகப் பிள்ளைகளும்

தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. இலங்கை மலையகத்தில் அவருடைய தோட்டத்துக்குப் பக்கத்து டவுனில் ஒரு சமய அமைப்பு பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறது. அங்கே தங்கிப் படித்த ஒரு மகளுக்குப் பொறுப்பாளர் ஒருவரால் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. பெரியவர்கள் கூடிப் “பேசி முடித்து” விட்டார்கள். அந்த ஆளை வேறு கிளைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பிள்ளை பெட்டியோடு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்துவிட்டாள். “கடவுளைச் சொல்லித் தருகிற இடத்தில் இதை ஏன் மறைக்கிறார்கள்? பொலிசுக்குப் போனால் நம்ம சமயத்தையே காட்டிக்கொடுக்கிறோம் என்கிறார்களே, உண்மையா?”

எந்தச் சமயம் என்று நீங்கள் எழுதவில்லை. நல்லது, நானும் கேட்கப்போவதில்லை. பதினொரு வருடம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துவிட்டு, பிறகு நுவரெலியா மாவட்டத்தில் சிறுவர் விடயங்களைப் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். கோயில், சபை, பள்ளி, விகாரை என்று நான்கு பக்கமும் போயிருக்கிறேன். கதையில் ஆட்களின் உடுப்பு மாறும், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த விடுதிகள் இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டோம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது 1970களில்தான் தொடங்கியது. இன்றைக்கும் தோட்டங்களின் பல டிவிஷன்களில் ஆரம்ப வகுப்போடு படிப்பு நின்றுவிடும். அதற்கு மேலே டவுனுக்குத்தான் போக வேண்டும். பஸ் வராத ரோடு, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா, குவைத்திலோ கட்டாரிலோ இருக்கும் அம்மா, கொழும்பில் கடையில் நிற்கும் அப்பா. இந்த நிலைமையில் “எங்களிடம் விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று ஒரு சமய அமைப்பு சொன்னால் யார்தான் விடமாட்டார்கள்? நானே அப்படி ஒரு விடுதியில் இருந்து படித்தவள்தான். அங்கே எனக்கு எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. அந்தப் பெரியம்மா போட்ட சோற்றுக்கு இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

அந்த நன்றிதான் பிறகு வாயையும் கட்டுகிறது. “உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யாதே” என்று பெற்றவளே பிள்ளைக்குச் சொல்கிறாள். இந்த விடுதியில் இருப்பவர் வெறும் பொறுப்பாளரும் இல்லை. அடுத்த பிள்ளையைப் பெரிய பாடசாலையில் சேர்க்க அவருடைய கடிதம் வேண்டும். வெள்ளம், மண்சரிவு என்றால் அரிசி மூட்டை அவர் மூலமாக வரும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்தான் வந்து நிற்பார். அவர் மேல் ஒரு சொல் சொன்னால் குடும்பத்துக்கு எத்தனை கதவு மூடும் என்று தாய் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறாள். மலையகத்தில் மறைப்பு என்பதை வெறும் பயம் என்று எழுதிவிடுவார்கள். நான் பார்த்தவரைக்கும் அதில் பெரும்பகுதி கணக்குத்தான்.

அப்புறம் அந்தப் “பேசி முடித்தல்”. நான் உள்ளே உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். நிர்வாகக் கமிட்டியின் தலைவர், தொழிற்சங்கத் தலைவர் ஒருவர், குற்றம் சொல்லப்பட்டவரின் மச்சான், பிள்ளையின் அப்பா, இன்னும் இரண்டு பெரியவர்கள். அப்பாவுக்கு ஏற்கனவே யாரோ வாங்கிக் கொடுத்திருந்தார்கள், மூச்சில் தெரிந்தது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். பிள்ளை அங்கே இல்லவே இல்லை. ஒன்றரை மணித்தியாலம் பேசினார்கள். அதில் பிள்ளையின் பெயர் இரண்டு தரம்தான் வந்தது. நிறுவனத்தின் பெயர் எத்தனை தரம் வந்தது என்று கணக்கில்லை. கடைசியில் “அவரும் குடும்பஸ்தன், மன்னிப்புக் கேட்கிறார், பிள்ளைக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி இருக்கிறது” என்று எழும்பினார்கள். நான் முறைப்பாடு போடத்தான் வேண்டும் என்றபோது, “மிஸ், நீங்கள் நம்ம ஆள்தானே” என்றார் தலைவர்.

நீங்கள் கேட்ட “ஏன்” என்பதற்கு என் பதில் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. ஒரு சமயத்துக்காரர் இன்னொரு சமயத்துக்காரரைவிடக் கெட்டவர் என்பதால் இது நடக்கவில்லை. பிள்ளையின் சொல் முதலில் போய்ச் சேரும் இடம், அந்தச் சொல்லால் அதிகம் நட்டப்படப்போகிற ஆட்களின் கையில் இருக்கிறது. அவர்களே விசாரிக்கிறார்கள், அவர்களே தீர்ப்புச் சொல்கிறார்கள், அவர்களே இடமாற்றமும் கொடுக்கிறார்கள். நல்ல மனுசரை அந்தக் கதிரையில் உட்கார வைத்தாலும் அவர் நிறுவனத்தைத்தான் காப்பாற்றுவார்.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள வியாதி என்று வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்மேல் நூற்று முப்பதுக்கும் அதிகமானோர் பாலியல் குற்றம் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக அவரைப் பங்குக்குப் பங்கு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 2002 ஜனவரியில் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது, அந்த வருடம் டிசம்பரில் அங்கிருந்த கர்தினால் பதவி விலகினார். அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை பிள்ளைகள்மேலான பாலியல் துஷ்பிரயோகம் பற்றி ஒரு அரச ஆணைக்குழு எல்லா வகை நிறுவனங்களையும் விசாரித்தது. யெகோவாவின் சாட்சிகள் சபையின் கோப்புகளில் 1950இலிருந்து 1,006 பேர்மேல் முறைப்பாடு பதிவாகியிருந்தது, ஒன்றைக்கூடச் சபை பொலிசுக்குக் கொடுக்கவில்லை. குற்றத்தை நிரூபிக்க இரண்டு சாட்சி வேண்டும் என்பது அவர்கள் விதி. இப்படியான குற்றத்துக்கு இரண்டாவது சாட்சி எங்கேயிருந்து வரும்? மெல்பர்னில் யூத சமயக் கல்லூரி ஒன்றில் வேறு மாதிரி. நம்மவரை வெளி அதிகாரியிடம் ஒப்படைப்பது பாவம் என்ற பழைய சமயக் கருத்து அங்கே புழங்கியது, பேசிய பிள்ளைகளின் குடும்பங்களையே சமூகம் ஒதுக்கியது. சிட்னிக்கு வடக்கே மங்ரோவ் மவுண்டன் யோகா ஆசிரமத்தில் குருவுக்குக் கீழ்ப்படிதல் என்ற பெயரிலே பிள்ளைகள் சிதைக்கப்பட்டிருக்கிறார்கள். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் “இதெல்லாம் பாதிரிமார் பிரச்சினை” என்று கோயில் பக்கத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது.

“சமயத்தைக் காட்டிக்கொடுக்கிறாய்” என்ற பேச்சும் அப்படியே உலகம் முழுக்க இருக்கிற பேச்சுத்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 38 சமய அமைப்புகளைப் பார்த்து 2021 செப்டெம்பரில் ஒரு விசாரணை அறிக்கை வந்தது. வெளி அதிகாரிகள்மேல் நம்பிக்கையின்மை, பாதிக்கப்பட்டவரையே பழி சொல்வது, மன்னிப்பை முன்னே தள்ளுவது, உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது என்பது, இவைதான் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வந்தன. நம்ம கமிட்டி அறையிலும் அந்த நான்கையும் நான் பார்த்தேன்.

இதில் கடைசியாகச் சொன்னது, பேச்சு இல்லாமை, மலையகத்தில் தனி வேலை செய்கிறது. ஒரு பிள்ளை என்னிடம் வந்து “சேர் சும்மா இருக்க மாட்டேங்கிறார் மிஸ்” என்றது. இன்னொன்று மூன்று வாரமாக வயிற்று வலி என்று மட்டும் சொன்னது. பெரியவர்கள் “தொந்தரவு”, “சில்மிஷம்” என்பார்கள். சில்மிஷமாம், ஏதோ கிருஷ்ணர் வெண்ணெய் திருடின மாதிரி. அரசாங்கக் கடிதத்தில் “பாலியல் துஷ்பிரயோகம்” என்று ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொல்ல எந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு நாக்கு வளையும்? இப்போது இந்தத் “தொந்தரவு” பொலிசுக்குப் போகிறது. அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவர் அன்றைக்கு டியூட்டியில் இல்லை. டவுனில் கடை வைத்திருக்கும் யாரோ மொழிபெயர்க்கிறார். சிங்களத்தில் அது “கரதர” என்று எழுதப்படுகிறது. கரதர என்றால் பக்கத்து வீட்டு ரேடியோச் சத்தமும் கரதரதான். அந்த ஒரு சொல்லில் ஏழு வருடச் சிறைக்குரிய குற்றம் சண்டை சச்சரவு மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. வாசித்துப் பார்க்க முடியாத தாய் கீழே கையெழுத்து வைக்கிறாள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் தொடர்பாட உரிமை தந்திருக்கிறது என்பதை அந்த வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது யார் ஞாபகப்படுத்துவார்கள்?

மேற்பார்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் அதில் ஒரு பங்கு. சமய இடத்தில் உள்ள பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் நாலு அலுவலகத்தைக் காட்டுவார்கள். சின்னப் பிக்குமார் படிக்கும் பிரிவெனா கல்வி அமைச்சின் கீழ். இந்து அறநெறிப் பாடசாலைக்கு இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம், மத்ரசாவுக்கு முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம். சிறுவர் இல்லம் என்றால் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம், அதற்கு ஆதாரமான சட்டம் 1941இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த அநாதை இல்லக் கட்டளைச் சட்டம். சமயத் திணைக்களங்கள் பார்ப்பது பாடத்திட்டம், பதிவு, பரீட்சை, ஆசிரியர் கொடுப்பனவு. இரவு பத்து மணிக்கு அந்தக் கட்டடத்தில் பிள்ளைகளோடு யார் இருக்கிறார் என்பது அந்தப் படிவங்களில் இல்லை. அநாதைப் பிள்ளைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அப்பா அம்மா உயிரோடு இருந்து, படிப்புக்காக மட்டும் “போர்டிங்” இருக்கிற பிள்ளை இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. மலையகத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த நடுவில்தான்.

போய்ப் பார்ப்பதும் எப்படி? முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவோம். வாசலில் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடுவார்கள். பிளேன்டீ, வடை, குறூப் போட்டோ. “பிள்ளைகள், ஏதாவது குறை இருக்கா?” என்று பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்போதே கேட்போம். “இல்லை மிஸ்” என்று ஒரே குரலில் பதில் வரும். அயர்லாந்தில் சமய சபைகள் நடத்திய தொழிற்பயிற்சிப் பள்ளிகளைப் பற்றி 2009 மே மாதம் ரையன் ஆணைக்குழு அறிக்கை வந்தது. அதை வாசித்தபோது எனக்கு முகம் சிவந்தது. பரிசோதகர் வருவது முன்கூட்டியே நிர்வாகிக்குத் தெரியும், பரிசோதகர் பிள்ளைகளோடு பேசுவது மிக அரிது, கல்வித் திணைக்களம் சபைகளுக்கு முன்னால் பணிந்து நின்றது என்று எழுதியிருந்தார்கள். வடை மட்டும்தான் அதில் இல்லை.

இனி சட்டம். தேவையான அளவு இருக்கிறது, சில இடத்தில் நன்றாகவே இருக்கிறது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, ஒரு பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்துச் சித்திரவதை செய்தால், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் அது 308அ என்ற தனிக் குற்றமாக்கப்பட்டது. விடுதிப் பொறுப்பாளர் அதற்குள் நேராக வருவார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு எதிரான பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஏழிலிருந்து இருபது வருடம் வரை கடூழியச் சிறை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உண்டாக்கியது. பிள்ளையின் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிந்து நீதிமன்றத்தில் பயன்படுத்த 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரே கதையைப் பத்து இடத்தில் அழுது சொல்ல வைக்காமல் இருக்கத்தான் அது. பாதிக்கப்பட்டவரை, சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம் என்று 2015இல் சட்டம் வந்து, 2023இல் புதிதாகவும் வந்திருக்கிறது. இந்த வகைக் குற்றம், சின்னப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்குப் போகிற விசயமே கிடையாது. அப்படியிருக்க, கமிட்டி அறையில் பேசி முடிக்க யாருக்கு அதிகாரம்? தாய் தகப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்தக் கடுதாசிக்கு மதிப்பில்லை.

ஒரு ஓட்டையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 456ஆம் பிரிவு. கொலை, இராசத்துரோகம் தவிர எந்தக் குற்றத்துக்கும் இருபது வருடம் கடந்தால் வழக்குத் தொடர முடியாது என்கிறது. இனி நான் மேலே சொன்ன அவுஸ்திரேலிய ஆணைக்குழுவுக்கு வாருங்கள். ஆணைக்குழுவிடம் தனியாக வந்து பேசியவர்கள் சிறு வயதில் நடந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்ல எடுத்த காலம் சராசரியாக ஏறக்குறைய 24 வருடம். பெண்களைவிட ஆண்களுக்கு இன்னும் கூட. அந்தக் கணக்கு இங்கேயும் ஓரளவுக்காவது பொருந்தினால், எட்டு வயதில் பாதிக்கப்பட்ட பையன் முப்பத்திரண்டு வயதில் வாய் திறக்கும்போது நம் சட்டம் நான்கு வருடத்துக்கு முன்னாலேயே கதவைப் பூட்டியிருக்கும். நியூயோர்க் மாநிலம் 2019இல், நட்டஈடு கேட்கும் சிவில் வழக்குகளுக்கு என்றாலும், பழைய விடயங்களுக்குக் கூட ஒரு வருடம் கதவைத் திறந்து, பிறகு இன்னொரு வருடமும் நீட்டியது, அதிலும் சமய நிறுவனங்கள்மேல் வழக்குகள் குவிந்தன. இங்கே மலையகக் கட்சிகள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டியது இதைத்தான். மேடைக்கு மேடை லயத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு 456ஐப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் கிடைக்காதா?

கோபம் வரத் தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள். 2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்பில் ஓர் அரசியல்வாதி வீட்டுக்கு வேலைக்குப் போன பதினாறு வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு இறந்தபோது மலையகம் முழுக்க வீதிக்கு இறங்கியது. இறங்கத்தான் வேண்டும். அங்கே எதிரே நின்றவர் வெளியாள், பதாகை எழுதுவது சுலபம். அதே பதாகையைப் பிடித்த ஒருவரை நான் இரண்டு வருடம் கழித்து ஒரு பேசி முடிக்கும் கூட்டத்தில் பார்த்தேன். இந்தத் தடவை அவர் மேசைக்கு மற்றப் பக்கம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம். முதல் காரியம், பிள்ளையைக் கேள்வி கேட்டுக் குடையாதீர்கள், உங்கள் ஆர்வத்துக்கும் சரி, உதவிக்கும் சரி. அவள் தானாகச் சொன்னதை அவள் சொன்ன சொல்லிலேயே, திகதி போட்டு, அம்மாவிடம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். “சும்மா இருக்க மாட்டேங்கிறார்” என்றால் அதையே எழுத வேண்டும், நாகரிகமாக மாற்றக்கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழில் பேசலாம், நீங்கள் உறவுக்காரராக இருக்கத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் போகலாம். பொலிசில் சிறுவர், மகளிர் பிரிவில்தான் முறைப்பாடு. மொழிபெயர்க்க நிறுவனத்தோடு சம்பந்தப்பட்ட ஆள் வந்தால் வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு உரிமை உண்டு. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், “கரதர” என்று இருந்தால் திருத்தும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் எழும்பாதீர்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள், அதற்கு நாள் போகப் போக ஆதாரம் குறையும். ஆனாலும் நாள் போய்விட்டது என்பதற்காக முறைப்பாடு செய்யாமல் விடக்கூடாது. உடலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பிள்ளையின் சொல் சாட்சியம்தான்.

வழக்கு இழுக்கும், அதை மறைக்க மாட்டேன். நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், மேல் நீதிமன்றம் என்று வருடக்கணக்கில் போகும். ஒவ்வொரு தவணையும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றையச் சம்பளம், போகும், பஸ் காசு போகும். அந்த நாட்களில் கூடப் போக இரண்டு பெண்களைத் தோட்டத்திலேயே பிடித்து வையுங்கள். தனியாகப் போகிற தாய்தான் மூன்றாவது தவணையில் சமாதானத்துக்கு இறங்குகிறாள், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த ஆளை மாற்றிய “வேறு கிளை” எங்கே என்றும் கேட்டு எழுதுங்கள். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதுதான் இந்த நிமிடத்தில் அவசரமான கேள்வி. 1929இல் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

அந்த விடுதி தொடர்ந்து நடக்க வேண்டும் என்று உங்கள் ஊர் நினைத்தால், நடக்கட்டும். பெற்றோர் சேர்ந்து சிலதைக் கேட்கலாம். பிள்ளைகள் தூங்கும் கட்டடத்தின் சாவி யார் யாரிடம்? பிள்ளையை அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுக் “கவுன்சிலிங்” செய்கிறார்களா? பிள்ளை வீட்டுக்குப் பேச ஒரு போன், பொறுப்பாளர் பக்கத்தில் நிற்காமல் கிடைக்குமா? 1929 என்ற இலக்கம் குளிக்கும் அறைக் கதவுக்கு உட்புறமாக ஒட்டப்பட்டிருக்கிறதா? ஒபிஸ் சுவரில் ஒட்டினால் அது வருகிற அதிகாரிக்காக ஒட்டியது. முறைப்பாடு வந்தால் கமிட்டி கூடிப் பேசாது, அன்றைக்கே வெளியே அதிகாரிகளிடம் கொடுக்கும் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் இல்லை, தம்பி. பெட்டியோடு வந்த பிள்ளை இப்போது எந்தப் பாடசாலைக்குப் போகிறாள்? இப்படி வந்த பிள்ளைகளில் பலபேர் பிறகு வகுப்பறையையே பார்ப்பதில்லை, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்து, ஒரு நாள் யாரோ வீட்டு வேலைக்குக் கேட்டு வருவார்கள். விடுகைப் பத்திரம் பழைய பாடசாலையில் இருக்கும், விடுதியில் இருக்காது, விடுதிக்காரர் தரமாட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். வலயக் கல்விப் பணிமனைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்தக் கிழமையே போங்கள், முறைப்பாடு போட்டபிறகு போகலாம் என்று வைக்க வேண்டாம்.